வெந்நீர் அடுப்பும் ஏரோப்ளேன் ஃப்யூலும்

என் புருஷனைப் பத்திக் குறை சொல்ல ஆரம்பிச்சா ஒரு நாள் பத்தாது. ஆனா மனுஷன் சொன்ன சொல்ல மீற மாட்டார். அந்த நல்ல குணம்தான் இந்த மாட்டுப் பொங்கலுக்கு என்னைப் பாடாப் படுத்திடுச்சு.

அவர் பேரு இன்பராஜ். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனில தையல் மிஷின் மெக்கானிக். நான் ஷர்மிளா, அதே கம்பெனில கெமிக்கல் ஸ்டோர் இன்சார்ஜ். பசை, தின்னர்னு பத்திக்கிற சாமான் எல்லாம் என் பொறுப்பு. கையில செல்போனோட வந்தா மேனேஜரையே வாசல்ல நிக்கவெச்சுதான் பேசுவேன். முதுகுக்குப் பின்னாடி என்னை 'ஃபயர் சர்வீஸ்'னு கூப்பிடறாங்களாம். கூப்பிட்டுக்கட்டும். பதினோரு வருஷத்துல என் ஸ்டோர்ல ஒரு பொறி பறந்ததில்ல.

இப்படிப்பட்டவ வீட்டுக்குப் போன ஜூலைல இவர் ஒரு ஏரோப்ளேன் தூக்கிட்டு வந்தார். அரக்கோணத்துல யாரோ ரிப்பேர்னு மூலையில போட்டிருந்ததாம். ரெக்கை நாலடி, மூக்குல நிஜ இன்ஜின், ஓட்டறதுக்கு ரிமோட். தொலையுதுன்னு விட்டேன். அடுத்த வாரம் கட்டிலுக்கு அடியில பெருக்கறேன், தொடப்பத்துல ஒரு கேன் தட்டுது. மூடியைத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. மெத்தனாலும் விளக்கெண்ணெயும்!

"இன்னாங்க இது? படுக்கற எடத்துல பாம் வெச்சிருக்கீங்க?"

"பாம் இல்ல ஷர்மி. ஃப்யூல்."

"மெத்தனால் பத்திக்கிச்சுன்னா பகல்ல நெருப்பே கண்ணுக்குத் தெரியாது. எரியறோம்னு தெரியறதுக்குள்ள எரிஞ்சு முடிச்சிருப்போம்!"

அன்னிக்கே சட்டம் போட்டேன். பின்பக்கம் நெழல்ல ஒரு தகரப் பெட்டி, கேன் அதுக்குள்ளதான் இருக்கணும். மூடிய இறுக்கி மூடணும், இல்லன்னா பனிக்காலத்துல காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் குடிச்சுட்டுக் கெட்டுப்போவும். கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தவே கூடாது. தெரியாம எவனாவது குடிச்சான்னா கண்ணு போவும், உயிரும் போவும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் இருபதடிக்குள்ள வரக் கூடாது. எல்லாத்தையும் பெட்டி மூடியில சிவப்பு பெயிண்ட்ல எழுதினேன். எழுதியும் ஆத்திரம் தீரல. கீழ இன்னொரு வரி சேத்தேன்: 'ஒரு தடவ மீறினாலும் பிளேன் அன்னிக்கே உமர் ஃபாரூக் பாய்க்கு.'

உமர் ஃபாரூக் பாய் இவரோட தோஸ்த். தோல் வியாபாரம் பண்றார். பிளேனைப் பாத்த நாள்லேருந்து அது மேல ஒரு கண்ணு. வீட்டுக்கு வந்தா டீ குடிக்கறதுக்கு முன்னாடி நேரா பின்பக்கம் போய் மூடியைப் படிச்சுட்டு வருவார். "இன்னா தங்கச்சி, உன் வீட்டுக்காரன் இன்னும் மீறலையா?"ன்னு ஏக்கமா கேப்பார்.

இவர் ஆறு மாசத்துல ஒரு தடவகூட மீறல. எனக்கே கொஞ்சம் ஏமாத்தம்தான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். போன வருஷம் கம்பெனில ஆர்டர் கம்மியாகி பாதி மிஷின் நின்னப்ப, இவரும் கூடவே நின்னுட்டார். சாப்டுவார், தூங்குவார், செவுத்தைப் பாப்பார். அந்த பிளேன் இன்ஜினைப் பிரிச்சுப் போட்ட அன்னிக்குதான் திரும்பப் பேச ஆரம்பிச்சார். நான் திட்டினது எல்லாம் வாயளவுலதான். அது பறக்கறப்ப இவர் மொகத்தைப் பாக்கறதுக்காகவே நான் பின்னாடியே போவேன். இத அவர்கிட்ட நான் சொன்னதே கிடையாது.

கிறிஸ்மஸ் லீவுல ஒருநாள் விடியக்காத்தால ஓட்டப் போனோம். சில்லுனு இருக்கற ஃப்யூல்ல இன்ஜின் சீக்கிரம் கெளம்பாதாம். இருமி இருமி நின்னுடுச்சு. இவர் அன்னிக்கு முழுக்க பேசல. பழையபடி ஆயிடுவாரோன்னு நான் நடுராத்திரி வரைக்கும் முழிச்சுக் கெடந்தேன்.

மாட்டுப் பொங்கலன்னிக்கு மறுபடி ஓட்டறதா இருந்தார். விடிஞ்சதும் நான் எழுந்து பின்பக்கம் வெந்நீர் அடுப்பை மூட்டி, அண்டாவை ஏத்தினேன். பனின்னா பனி, அப்படியொரு பனி. தலைக்கு வெக்கலாம்னு எடுத்தா தேங்கா எண்ணெ பாட்டில் கல்லா ஒறைஞ்சு கெடக்கு. எப்பவும் போல அடுப்போரமா வெச்சேன். பாவம், இவர் பிளேன் எண்ணெயும் இப்படித்தான வெறச்சுக் கெடக்கும்னு நெனச்சேன். பெட்டியத் தொறந்தேன், கேனை எடுத்தேன், தேங்கா எண்ணெ பக்கத்துலயே வெச்சேன். வெச்சுட்டு, ஏதோ பெரிய உபகாரம் பண்ணிட்ட மாதிரி பல்லு வெளக்கப் போயிட்டேன்!

'டொக்'குன்னு ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மே மாசம் வெயில்ல தின்னர் டின் உப்பறப்ப வர்ற சத்தம். திரும்பிப் பாத்தா, கேன் வயிறு உப்பி நிக்குது. வாயில பிரஷ்ஷோட ஓடிப்போய் அண்டாவை அப்படியே அடுப்புல கவுத்தேன். நெருப்பு மொத்தமா அவிஞ்சதும் துணியப் புடிச்சுக் கேனைத் தூக்கிட்டுப் போய் வெட்டவெளியில வெச்சேன். திரும்பி வந்து அடுப்படிச் சேத்துலயே உக்காந்துட்டேன். இவர் உள்ள தூங்கிட்டிருந்தார். ஐயோ, என் கையாலயே அவரைக் கொளுத்தியிருப்பேனே!

துண்டோட வெளிய வந்தவர் அடுப்பைப் பாத்தார், எண்ணெ பாட்டிலைப் பாத்தார், தூரத்துல கேனைப் பாத்தார். நேரா போய் பெட்டி மூடியை முதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சார்.

"புத்தி வெக்கலங்க. கை வெச்சிடுச்சு"ன்னேன்.

கிட்ட வந்தார். என் கையப் புடிச்சுத் தூக்கி, சுட்டிருக்கான்னு திருப்பிப் பாத்தார். பச்சத் தண்ணில குளிச்சுட்டு வந்தார். கேன் ஆறி, உப்பினது அடங்கினப்புறம் ஒரு கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் ஊத்தி வெளிச்சத்துல புடிச்சார். கலங்கல. மூடி இறுக்கமா இருந்ததால ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகல. அப்புறம் பிளேனைத் தொடச்சு வண்டியில கட்டினார்.

"ஓட்டப் போறோமா?"ன்னேன்.

"ஒரே ஒரு தடவ ஓட்டிட்டு பாய்கிட்ட குடுத்துடணும். சட்டம் இருக்குல்ல?"

"அது உங்களுக்குப் போட்ட சட்டங்க!"

"பேர் எதுவும் போடலையே."

கிண்டல் பண்றாரா நெசமாவே சொல்றாரான்னு மொகத்தைப் பாத்துக் கண்டுபுடிக்க முடியல. கல்யாணமாகி ஒம்போது வருஷமா இதே பேஜார்தான். உள்ள போய் கேஸ்ல வெந்நீர் வெச்சு பிளாஸ்க்ல ஊத்திக்கிட்டு, வண்டியில பின்னாடி ஏறினேன்.

பாலாத்தங்கரைப் பொட்டல்ல உமர் ஃபாரூக் பாய் மஃப்ளரைச் சுத்திக்கிட்டு நின்னிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் மொகம் பூரிச்சுப் போச்சு. "தங்கச்சி, உன்னை நம்பினது வீண் போகலம்மா!"ன்னார்.

இவர் இன்ஜினைச் சுத்திவிட்டார். இருமிச்சு. மறுபடி சுத்தினார். நின்னுடுச்சு. பச்சத் தண்ணிக் குளியல்ல பல்லு தந்தியடிக்குது, "அந்த பிளாஸ்க்குல காபியா?"ன்னு கைய நீட்டினார்.

"காபியும் இல்ல, ஒண்ணும் இல்ல." டிபன் டப்பாவுல வெந்நீரை ஊத்தி, கேன்லேருந்து ஊத்தி மூடி இறுக்கின சின்ன ஃப்யூல் பாட்டிலை அதுக்குள்ள நிக்கவெச்சேன். "நெருப்பு காட்டாம சூடு பண்றதுன்னா இப்படித்தான். காலைலயே இந்தப் புத்தி வந்திருக்கணும்."

அஞ்சு நிமிஷம் கழிச்சு டேங்க்ல ஊத்திச் சுத்தினார். 'விர்ர்'னு புடிச்சுக்கிச்சு! பனியக் கிழிச்சுக்கிட்டு மேல போய், ஆத்துக்கு மேல ரெண்டு வட்டம் அடிச்சுது. இவர் அண்ணாந்து பாத்துச் சிரிக்கறார். நான் பிளேனைப் பாக்கல, அந்தச் சிரிப்பையே பாத்துக்கிட்டு நின்னேன்.

பிளேன் எறங்கினதும் பாய் ஆசையா குனிஞ்சார். நான் ஓடிப்போய் முன்னாடி நின்னுட்டேன்.

"குடுக்க முடியாது பாய். மீறினது நான். தண்டனையை எனக்குப் போடுங்க. இது போச்சுன்னா இவர் மறுபடி செவுத்தைப் பாத்து உக்காந்துடுவார். அத என்னால இன்னொரு தடவ பாக்க முடியாது."

இவர் ரிமோட்டைக் கையில வெச்சுக்கிட்டு என்னையே பாத்தார். பாய் பிளேனைத் தொடாம நிமிந்து மூக்கை உறிஞ்சினார். "பனி ஜாஸ்தி"ன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மூடியில கடைசி வரியை நானே தின்னர் போட்டு அழிச்சேன். அழிச்ச எடத்துல இவர் பிரஷ்ஷை எடுத்து எழுதினார்: 'மீறினவங்க மறுநாள் பச்சத் தண்ணில பத்து சொம்பு.'

மறுநாள் விடியக்காத்தால பாத்ரூம்ல தெருவே கேக்கற மாதிரி கத்திக்கிட்டு ஊத்திக்கிட்டேன். வெளிய இவர் "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணிக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கறார். பத்து முடிஞ்சுது. அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டு இன்னும் ரெண்டு சொம்பு ஜாஸ்தியாவே ஊத்திக்கிட்டேன்.