ஊரே கூடிக் கொடுத்த முகம்

மாணிக்கம்மாளுக்குத் தன் மகளின் முகம் மறந்துகொண்டே வந்தது. பெற்றவளுக்கு அதுகூடவா மறக்கும் என்று கேட்பீர்கள். மறக்கும். ஒன்பது வயதில் காய்ச்சல் கண்ட செந்தாமரையை டோலி கட்டிப் போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையிலேயே பிள்ளை போய்விட்டது. ஆச்சு, இரண்டு வருஷம். போட்டோ என்று ஒன்றும் கிடையாது. புளி விற்றதும் கண்ணமங்கலம் ஸ்டூடியோவில் பிடித்துக்கொள்ளலாம் என்று புருஷன் வீரன் தள்ளிப்போட்டிருந்தான். மகளின் குரல் நினைவிருந்தது, பாவாடை நினைவிருந்தது. முகம் மட்டும் சாமை புடைக்கிற தூசிக்குள் பார்ப்பதுபோலக் கலங்கித் தெரிந்தது. பிள்ளை போனதிலிருந்து மாணிக்கம்மாள் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசியில் ஃபாரஸ்ட் பங்களாவுக்கு ஓர் அமெரிக்காக்காரி வந்து இறங்கினாள். பெயர் ஹெலன், மலை ஜனங்களுக்குத் துரைசானி. ஒரே ஒரு புளியமரத்தைப் பதினோரு நாள் வரைந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். கிறுக்கு பிடித்தவள் என்று ஊர் சிரித்தது.

சிரித்தவர்களின் வாயை அடைத்தவர் மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பாண்டுரங்கன். அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். துரைசானியின் அப்பா மாட்டுப் பண்ணையில் கூலிக்காரராம். இவள் பால் கறந்துகொண்டே தவிட்டு மூட்டையில் கரியால் கிறுக்கிக் கற்றவளாம். படம் வரையப் படிக்கக் காலேஜில் சேர்ந்தபோது, பொம்பளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்றாராம் அங்கிருந்த வாத்தியார். அந்த ஆளின் நாற்காலியிலேயே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறாள். நாற்பத்தைந்து வயதுவரை அவள் படத்தைச் சீந்த ஆளில்லை. இன்றைக்குப் பெரிய பெரிய மியூசியத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவளைப் போய்க் கிறுக்கி என்பதா?

அவளிடம் படித்தவர்களுக்குச் சட்டம் ஒன்றுதான்: கண்ணெதிரே இல்லாததை வரையாதே. போட்டோவைப் பார்த்து வரைந்தவனைக்கூட வகுப்பைவிட்டு வெளியே அனுப்பியவளாம். ஆகவே, மகளை வரைந்து தரச் சொல்லி மாணிக்கம்மாள் வந்து நின்றபோது அவள் தலையசைத்துவிட்டாள். பார்க்காத முகத்தைப் பார்த்ததுபோல வரைந்தால் அது உன்னை ஏமாற்றுவது என்று வாத்தியார் மூலம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது.

மாணிக்கம்மாள் திரும்பிப் போனாள். மறுநாள் நாத்தனார் அம்சவல்லியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முக்காலியில் உட்கார வைத்தாள்.

"இவ நெத்திதான் எம் பொண்ணு நெத்தி. எதிர்க்கதான குந்திருக்குது? வரைங்க."

துரைசானி குனிந்து அம்சவல்லியின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு கரிக்குச்சியை எடுத்தாள்.

அதற்கப்புறம் புளி உடைப்பதை விட்டுவிட்டுச் சொந்தபந்தமெல்லாம் வந்து வரிசையில் நின்றது. மாமனார் கருப்பனிடமிருந்து காது. வீரனிடமிருந்து மூக்கு, சவரத்துக்கு உட்கார்ந்தவன்போல அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மாணிக்கம்மாள் பின்னால் நின்று குறுக்கு, அகலமாக்கு என்று ஏவிக்கொண்டே இருந்தாள். மியூசியக்காரர்கள் தேடி வருகிற அந்தக் கை, கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தி சொன்னதற்காக நாற்பது தரம் அழித்தது, முகம் சுளிக்காமல் நாற்பது தரம் வரைந்தது. படித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

வாய் மட்டும் அமையவில்லை. யாரை உட்கார வைத்தாலும் ஒட்டவில்லை. மறுநாள் துரைசானி போளூர் பஸ் ஏற வேண்டும். தன்னிடமிருந்து ஒன்றுமே எடுக்கவில்லை என்று ஏற்கெனவே பொருமிக்கொண்டிருந்த, பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிற ஊர்க்கவுண்டர் முனிசாமி, இது எங்கள் வம்சத்து வாய் என்று மீசையை முறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவரிடம் மாட்டேன் என்று யார் சொல்வது? துரைசானி மீசையை விட்டுவிட்டு வாயை மட்டும் வரைந்தாள்.

மாணிக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை பஞ்சாயத்தில் அபராதம் போடப்போகிறதுபோல உதட்டைக் கூட்டி வைத்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கவுண்டர் உட்பட எல்லோரும் திரும்பி அவளையே பார்த்தார்கள்.

"அண்ணி, ஒங்க வாய்தான் அவ வாய்," என்றாள் அம்சவல்லி மெதுவாக. "செந்தாமர சிரிச்சா இப்டித்தான் இருப்பா."

வாத்தியார் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் துரைசானி கட்டைவிரலால் பழைய வாயைத் துடைத்துவிட்டாள். அவள் கண் மாணிக்கம்மாளைவிட்டு நகரவில்லை. சிரிப்பு அழுகையாக மாறுவதற்குள் கை வேலையை முடித்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷமாகப் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறேன், மீதியை இனிமேல் போய்ச் சொல்லவேண்டும் என்றாள் துரைசானி. வாத்தியார் அதைத் தமிழில் சொன்னார். மாணிக்கம்மாள் காதில் அது விழவே இல்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காது கொஞ்சம் பெருசாப் போச்சு," என்றாள் கடைசியில்.

துரைசானி உடனே அழிக்கக் கையை நீட்டினாள். மாணிக்கம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க, இருக்கட்டும். இனிமே இதான் அவ காது."