வலது கை நகம்

நிறைந்திருந்த காஸ் சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்து சமையலறைக் கதவோடு நிறுத்தினாள் சின்னவள். அதற்குள் அம்மா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் கொடுத்து, இரண்டு கால்களையும் கதவில் ஊன்றிவிட்டாள். சமையலறை அவ்வளவுதான் அகலம். அடுப்பை யார் அணைத்தது என்று இரண்டு பேருக்குமே பிறகு நினைவுக்கு வரவில்லை.

பேச்சே இல்லை. இந்த வேலையை அவர்கள் வருஷக்கணக்காகச் செய்கிறவர்கள்.

அப்பாவின் அறையில் கிதார் நின்றுபோயிருந்தது. அதுவும் பாட்டின் நடுவில். அதைத் தொடர்ந்து தொப்பென்று ஏதோ விழுந்தது. கிதார் நடுவில் நின்றால் அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடைசியாக அப்படி நின்று, கிதாரைக் கட்டிலில் எறிந்த சத்தம் கேட்ட அன்றுதான் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. கோணலாகக் கூடிய அந்தக் கையால் இன்றைக்கும் அவளால் ஒரு துணியைப் பிழிய முடியாது.

இத்தனைக்கும் சற்று முன்னால்தான் ஒரு அதிசயம் நடந்திருந்தது. அப்பாவுக்கு இருந்தது ஒரே பாட்டு. நடுவில் ஓரிடத்தில் ஆள்காட்டி விரலை எல்லாத் தந்திகளின் மேலும் குறுக்கே படுக்க வைக்க வேண்டும். அங்கே வந்தால் தந்தி கரகரக்கும். ஒரு வசவு கேட்கும். பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பார். சின்னவள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து அந்த இடம் அப்படித்தான். இன்றைக்குக் காலையில் அது கரகரக்கவில்லை. தண்ணீர் ஓடுவதுபோல ஓடித் தாண்டிப் போய்விட்டது. சின்னவள் கையிலிருந்த கரண்டியோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தாண்டிட்டார்மா."

"வாய வைக்காத," என்றாள் அம்மா.

அடுத்த நிமிஷம் நின்றுவிட்டது.

இப்போது கூடத்தில் எதையோ இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம். கதவு ஒருமுறை அதிர்ந்தது. பிறகு அடி கீழே இறங்கிவிட்டது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தட்டல் கேட்டது.

"காலால உதைக்கிறார்மா," என்று கிசுகிசுத்தாள் சின்னவள்.

அம்மா கால்களை இன்னும் இறுக்கி ஊன்றினாள்.

தட்டல் பிராண்டலானது. அதுவும் ஓய்ந்தது. கோபம் அடங்கினால் அப்பா திரும்பிப் போய்க் கிதாரை எடுப்பார். அது கேட்கிற வரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். இருவரும் காத்திருந்தார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்திருந்த வெயில் மெல்ல நகர்ந்து அலமாரிக்கு ஏறியது. கிதார் கேட்கவில்லை.

சிலிண்டரை நகர்த்தித் தாழ்ப்பாளை எடுத்ததும் கதவு தானாகத் திறந்தது. அதில் சாய்ந்திருந்த அப்பா, அம்மாவின் காலடியில் வந்து விழுந்தார். வாயும் ஒரு கண்ணும் ஒரு பக்கமாக இழுத்துக் கிடந்தன. வலது கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது.

சின்னவள் அவர் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"தோள்பக்கம் பிடி," என்றாள் அம்மா. "ரூமுக்குக் கொண்டு போயிடலாம்."

"அம்மா, ஆம்புலன்ஸ்..."

"பிடின்னு சொன்னேன்."

கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தி, தரையில் குப்புறக் கிடந்த கிதாரை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள் அம்மா. முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

*

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. வந்த எல்லோரிடமும் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "வாசிச்சுட்டே போயிட்டார்." கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போனது. அவர்களே அதை அடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். அப்பாவின் அக்காவான அத்தை கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து, "என் தம்பி மாதிரி சாவு யாருக்கு வாய்க்கும்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விபத்தில் நசுங்கி வரும் கார்களுக்கு நெளிவெடுக்கிறவர் அப்பா. பட்டறையிலிருந்து பெயிண்டர் வந்திருந்தார். அப்பா தட்டி நிமிர்த்தியதற்கெல்லாம் வண்ணமடித்தவர்.

"அந்தக் கிதாரும் அடிபட்ட வண்டில வந்ததுதான் தெரியுமா," என்றார் கூடத்தில் இருந்தவர்களிடம். "டிக்கியில கிடந்துச்சு, வயிறு பிளந்து. தூக்கிப் போடுன்னு சொல்லிட்டாங்க. இவர் பசை போட்டு ஒட்டி எடுத்துட்டார். எந்த நெளிவும் இவர் கைல நிமிந்துடும். அந்தப் பாட்டத்தான் கடைசி வரைக்கும் நிமித்த முடியல."

நாலைந்து பேர் சிரித்து, சாவு வீடென்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"வலது கைல நகம் வளத்துட்டுச் சுத்தியல் பிடிச்ச ஆள் வேற யாரு இருக்கா? கல்யாணப் பொண்ணா நீங்கன்னு கேலி பண்ணுவோம். நான் பாலிஷுக்கு வச்சிருக்கிற நைஸ் உப்புத்தாள் எல்லாம் காணாமப் போகும். பாத்தா இவர் உக்காந்து நகத்தத் தேச்சுட்டு இருப்பார்."

சின்னவள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நகத்தைப் பற்றிப் பெயிண்டருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நகம் வளர்ந்திருந்தால் கை முழுதாக மூடாது, உள்ளங்கையில் குத்தும். நகம் வளர்ந்திருக்கிற காலத்தில் கத்துவார், தட்டை வீசுவார், அறையவும் அறைவார், பிடித்துத் தள்ளவும் செய்வார். முஷ்டி மட்டும் வராது. ஒருநாள் முன்னறையிலிருந்து நகவெட்டியின் சத்தம் டிக் டிக்கென்று கேட்கும். கிதார் பரண்மேல் ஏறும். அம்மா உடனே பிள்ளைகளின் பைகளை எடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். பட்டறையைச் சில மாதம் மூடியபோது வாசிப்பில் ஓர் இடைவெளி. கார்க் கதவில் விரல் நசுங்கியபோது ஓர் இடைவெளி. காரணமே இல்லாமல் ஒரு நீண்ட இடைவெளி. அந்த நீண்ட இடைவெளியில்தான் அண்ணனுக்கு மீசை முளைத்தது. அதன் முடிவில் அவன் அப்பாவின் முன்பல்லை உடைத்துவிட்டு வீட்டை விட்டுப் போனான்.

இந்த முறை நகம் வளர்ந்துதான் இருந்தது. அது நேற்றும் தெரியும், இன்று காலையிலும் தெரியும். அவளுக்கும் அம்மாவுக்கும்.

சமையலறைக் கதவின் கீழ்ப் பாகத்தில், பிராண்டலின் நடுவே, ஒரு நகத்துண்டு செருகியிருந்தது. அந்தக் கதவு வாங்கிய குத்துக்கும் உதைக்கும் மறுநாளே அப்பா கார்களுக்குப் பூசுகிற பட்டிப் பசையை வைத்துத் தேய்த்து வண்ணமடித்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாது, தடவினால் தெரியும். அப்படிப் பட்டி பூசிய பழைய இடம் ஒன்றில்தான் நகம் ஏறியிருந்தது. அவள் பிடுங்கப் பார்த்தாள், வரவில்லை. அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். கதவை விரியத் திறந்து, அதன் முன்னால் தண்ணீர் வாளியை வைத்து மறைத்திருந்தாள். காலையிலிருந்து அந்த வாளியைத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணன் வருவதற்குள் எப்படியாவது எடுத்துவிட வேண்டும். அவன் கையும் அப்பாவின் கைதான்.

அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அண்ணன் வந்துவிட்டான்.

கான்கிரீட் லாரி ஓட்டுகிறவன். பூட்ஸில் சிமெண்ட் காய்ந்திருந்தது. வலது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டபடியே உள்ளே வந்தான். யாரோ தோளைத் தொட்டபோதும் எடுக்கவில்லை. முஷ்டியை அடக்கி வைத்திருக்கிறான் என்று சின்னவள் நினைத்தாள்.

கட்டிலருகே நின்று அப்பாவைப் பார்த்தான். முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. குனிந்து, இடது கையால் அப்பாவின் வலது கையைத் தூக்கிப் பார்த்தான்.

"மோதிர விரல் நகம் எங்க?"

"பட்டறையில உடைஞ்சிருக்கும்பா," என்றாள் அத்தை.

"உடைஞ்சா உடனே தேச்சுடுவார். இது பிஞ்சிருக்கு." அம்மாவைப் பார்த்தான். "பிஞ்ச நகத்தோட அவர் கிதாரத் தொட மாட்டாரே. வாசிச்சுட்டே போனார்னு சொன்னீங்க."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

அவன் நேராகச் சமையலறைக்கு வந்தான். அந்த வீட்டில் பிறந்தவனுக்கு எங்கே தேட வேண்டுமென்று சொல்லித்தர வேண்டியதில்லை. வாளியைக் காலால் தள்ளினான். தண்ணீர் தரையெல்லாம் பரவியது. குந்தி உட்கார்ந்து கதவை விரலால் தடவினான்.

"உள்ள யாரு இருந்தது?"

"நான்," என்றாள் சின்னவள்.

எழுந்த வேகத்தில் இடது கையால் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து முகத்தைக் கதவில் மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. "கேட்டுச்சுல்ல? தட்டினது கேட்டுச்சுல்ல?" அவள் கைக்கு ஒரு குக்கர் மூடி அகப்பட்டது. அதால் அவன் காதோடு சேர்த்து அடித்தாள். அவன் பிடி தளரவில்லை. ஈரத்தில் இருவரும் வழுக்கிச் சிலிண்டர்மேல் விழுந்தார்கள். அவன் முழங்காலை அவள் வயிற்றில் வைத்து அழுத்தினான். அவள் அவனுடைய முன்கையைக் கடித்தாள். தோல் பல்லில் வரும்வரை கடித்தாள்.

அம்மா உள்ளே வந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அவள விடு."

"இவ கதவப் பிடிச்சு வச்சு அவரக் கொன்னுருக்கா."

"அவ சிலிண்டரத்தான் வச்சா. கதவப் பிடிச்சது நான்." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "அவர் உதைக்கிறார்னு அவ நினைச்சா. நான் நினைக்கல. அவர் உதைச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அண்ணன் மெல்ல எழுந்தான்.

"பின்ன ஏன் திறக்கல?"

"காலை எடுக்கணும்னுதான் நினைச்சேன்," என்றாள் அம்மா. "கால் வரல."

அவன் கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்து அம்மாவின் முகத்துக்கு நேரே உயர்ந்தது. தரையில் கிடந்தபடியே சின்னவள் அதைப் பார்த்தாள். அந்தக் கை மூடவில்லை. கட்டை விரலிலிருந்து மோதிர விரல் வரை நகம் வளர்ந்து, ஓரங்கள் வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருந்தன. மூட முயன்றான். நகங்கள் உள்ளங்கையில் குத்தின. இன்னும் மூடினான்.

அம்மா அசையவில்லை. அவளும் அந்த நகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குத்து கதவில் விழுந்தது. பலகை பிளந்தது. நகம் ஒன்று சதையோடு பெயர்ந்து, கை இரத்தமாக வந்தது.

"என்னடி சத்தம்?" என்று கூடத்திலிருந்து அத்தை கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. பாத்திரம் விழுந்துருச்சு," என்றாள் அம்மா. அந்த வீட்டிலிருந்து எப்போதும் போன பதில் அதுதான்.

*

அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணன் இரத்தம் கசிந்த கையைத் துணியால் சுற்றிக்கொண்டு முன்னால் தோள்கொடுத்துப் போனான். சின்னவளின் உதட்டைப் பார்த்தவர்கள், அழுது மோதிக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பொழுது சாயும்போது வீட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அண்ணன் அப்பாவின் அறை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அம்மா கிதார்ப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துவந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"தேச்சுக்கோ. இல்லன்னா கிழிஞ்சுட்டே போகும்."

அவன் அவளைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். அம்மா சமையலறைக்குப் போனாள். மிஞ்சியிருந்த நகங்களை அவன் ஒவ்வொன்றாகத் தேய்த்தான். சின்னவள் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் இந்தச் சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கம் வரும்.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

"வீட்ட விட்டுப் போனதுலேருந்து. நடுவுல நடுவுல விட்டுடுவேன்."

"என்ன வாசிப்ப?"

"வேற என்ன தெரியும்? அதேதான். அந்த இடத்துல வந்து நின்னுடுது."

"இன்னிக்குக் காலைல அவர் தாண்டிட்டார்."

உப்புத்தாள் நின்றது. அவன் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

"உன்கூட அண்ணி ஏன் வரல?"

"வரமாட்டா." ஊதித் தூளைப் போக்கினான். "கிதார் நின்னா புள்ளையத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவா. கதவ வெளிய பூட்டிக்குவா."

சின்னவள் எழுந்து சமையலறைக்குப் போய், காலையில் பாதியில் விட்ட பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள்.

அப்பாவின் அறையில் தந்தியை முறுக்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக முறுக்கிச் சுதி சேர்த்தான். பிறகு பாட்டு ஆரம்பித்தது. ஒரு நகம் இல்லாததால் ஒரு தந்தி மட்டும் மங்கலாக ஒலித்தது. மற்றபடி அதே வேகம், அதே இழுவை. அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதவர்கள் கேட்டால் அப்பாதான் என்பார்கள்.

பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டுச் சின்னவள் திரும்பினாள். அம்மா தாழ்ப்பாள் போடவில்லை. தரையில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் கொடுத்தாள். பிளந்த பலகைக்குக் கீழே இரண்டு கால்களையும் ஊன்றினாள்.

சின்னவள் கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் தொட்டியில் வைத்தாள்.

அந்த இடம் வந்தது. கிதார் நின்றது.

அம்மாவின் கால்விரல்கள் கதவில் அழுந்தி வெளுத்தன.