தலைமை மெக்கானிக் டார்ச் வாங்கிய படலம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வேன் ரிப்பேர் ஷெட்டின் தலைமை மெக்கானிக் அவர்கள், தினசரி வேலைக்கு உழைக்கக்கூடிய டார்ச் லைட் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் திருவுளம் கொண்டுவிட்டார். ஊர் இனி நிம்மதியாக மூச்சு விடலாம்.

அந்த ஷெட்டில் மெக்கானிக் என்று இருப்பது அவர் ஒருவர்தான். மிச்சம் ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு டயர்காரர். ஆகவே தலைமை என்ற சொல்லுக்கு அங்கே வேலையே கிடையாது. இருந்தாலும் டூல்ஸ் பெட்டியின் மூடியில் சிவப்பு பெயிண்டால் அவரே அதை எழுதிக்கொண்டார். மற்ற இருவரும் மெக்கானிக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலைமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "தலைமை, டீ ஆறுது" என்பார்கள். அந்த நக்கல் அவர் காதுவரை வந்து மரியாதையாக மாறிவிடும்.

வேலை தெரியாதவர் என்று சொல்ல முடியாது. வாய்தான் கையை முந்திக்கொண்டு போகும். ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னுரை, கழற்றியபின் பொழிப்புரை. பிரேக் கீச்சிடுகிறது என்று வண்டியை விட்டவர்கள், பிரேக்கின் தத்துவத்தைக் கேட்டுவிட்டு, கீச்சொலியே தேவலை என்று ஓட்டிக்கொண்டு போனதும் உண்டு.

இப்போது அவருக்கு ஒரே ஆசை. முதலாளியம்மா வேறொரு ஷெட் திறக்கப் போகிறார். இந்த ஷெட்டின் பொறுப்பை யாரிடமாவது விட்டாக வேண்டும். பொறுப்பு என்றால் கண்ணாடி கேபின், சுழலும் நாற்காலி, எதிரே உட்கார்ந்து கேட்க வேறு வழியில்லாத வாடிக்கையாளர்கள். ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்துவிட்டார். உடம்புக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.

முதலாளியம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "பள்ளிக்கூட வேன் மொத்தத்தையும் நம்மகிட்ட விடலாமான்னு பார்க்க அவங்க மேனேஜர் வர்றார். அதுக்குள்ள உருப்படியா ஒரு டார்ச் வாங்குங்க. வாங்குறதும் உடைக்கிறதுமா இருக்கீங்க. இந்தச் சின்னக் காரியத்தை எப்படி முடிக்கிறீங்கன்னு பார்த்துட்டுத்தான் ஷெட்டை யார்கிட்ட விடறதுன்னு யோசிக்கணும்."

சின்னக் காரியமா? தலைமைக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே ஆலோசனைக் கூட்டம் கூட்டினார். ஆலோசனை கேட்பதற்காக அல்ல, நிராகரிப்பதற்காக.

"தலையில மாட்டுற லைட்டு வந்திருக்கு தலைமை. கை ரெண்டும் சும்மா இருக்கும்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"நான் என்ன சுரங்கம் தோண்டவா போறேன் தம்பி?"

"காந்தம் வெச்சது வாங்குங்களேன். வண்டி பாடியில பச்சக்குனு ஒட்டிக்கும்" என்றார் டயர்காரர்.

"ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற பொம்மை வாங்கித் தரேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. டார்ச்சுன்னா தாங்கணும்யா! தாங்குதா, தாங்கலையா? கேள்வி அது ஒண்ணுதான்."

ஹார்டுவேர் கடைக்காரர் பழகிய மனிதர். அந்தப் பாவத்துக்கு, கடையிலிருந்த டார்ச்சுகளைப் பார்த்துவிட்டுத் தரும்படி கொடுத்தனுப்பினார். பரிசோதனை வீட்டிலேயே தொடங்கிவிட்டது. குளியலறைக்குள் போன மனைவி அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"ஏங்க, பக்கெட்டுக்குள்ள என்ன எரியுது?"

"தொடாதே. நீர்ப் பரிசோதனை நடக்குது."

"அது உங்க பனியன் ஊற வெச்ச தண்ணி. அதுலயே தாங்கிடுச்சுன்னா உலகத்துல எதையும் தாங்கும். எடுத்துட்டுப் போங்க."

ஷெட்டில் அடுத்த கட்டம். கூரையிலிருந்து போட்டார், சுத்தியலால் தட்டினார், கருகிய ஆயிலில் முக்கினார். கடைசியாக எஞ்சியவற்றைத் தரையில் வரிசையாகப் படுக்க வைத்து மேலே வேனை ஏற்றினார். பிளாஸ்டிக் சாதியெல்லாம் அப்பளமாயின. ஒன்று மட்டும் கீறலோடு எழுந்து வந்து பளிச்சென்று எரிந்தது. கெட்டி அலுமினியம். உலக்கைக்குத் தங்கச்சி என்று சொல்லலாம். தலைமை அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஷெட்டை ஒரு சுற்று வந்தார். நசுங்கிக் கிடந்ததையெல்லாம் டயர்காரர் கூட்டி அள்ளினார். கடைக்காரருக்கு யார் பதில் சொல்வது என்று எவரும் கேட்கவில்லை.

மேனேஜர் வந்தார். கூடவே ஸ்டார்ட் ஆகாத வேன் ஒன்றும் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் போயிருந்தது. தலைமை வேனுக்கு அடியில் படுத்தபடியே சொற்பொழிவைத் தொடங்கினார்.

"சார், ஸ்டார்ட்டர்ங்கிறது வண்டிக்கு ஒரு—"

அதற்குள் கடைசி போல்ட் இளகி, மோட்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு கையால் அதைத் தாங்கினார். மறு கையில் ஸ்பேனர். மேலே கும்மிருட்டு. வண்டிக்கு அடியில் படுத்தவனுக்கு மூன்றாவது கை என்பது வாய்தான். டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் ஊரெல்லாம் வேலை நடக்கிறது. தண்ணீரில் போட்டவர், கூரையிலிருந்து எறிந்தவர், வேனை ஏற்றியவர், அதை வாயில் வைத்துப் பார்க்க மட்டும் மறந்திருந்தார்.

"நான் பிடிக்கட்டுமா, தலைமை?" என்று எலக்ட்ரீஷியன் குனிந்தார்.

மேனேஜர் பார்க்க இன்னொருவன் வெளிச்சம் பிடிப்பதா? நாற்காலி என்னாவது? ஸ்பேனரை நெஞ்சில் போட்டுவிட்டு, தாடையைக் கழன்று விழும் அளவுக்குத் திறந்து, உலக்கையின் தங்கச்சியை உள்ளே திணித்துக்கொண்டார். வெளிச்சம் இட வலமாக ஆடியது. வேண்டாம் என்று அர்த்தம்.

மேனேஜர் வேனுக்குப் பக்கத்தில் குந்தினார். "ஸ்டார்ட்டர் மட்டும்தானா போயிருக்கு?"

"ம்."

"வேற எதையாவது மாத்தணுமா?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் தலைமை. பேட்டரியில் தொடங்கி வைப்பர் வரை நாவின் நுனியில் காத்திருந்தது. நாவின் மேல் அலுமினியம் இருந்தது.

"ம்ஹும்" என்றார்.

கடைவாயில் எச்சில் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை. பேச வழியில்லாததால் வேலை மட்டுமே நடந்தது. பழைய மோட்டார் இறங்கி, புதியது மேலே ஏறத் தொடங்கியபோது டீக்கு நேரம்கூட ஆகவில்லை.

மேனேஜர் எழுந்தார். "மேடம், நான் பார்க்காத ஷெட் இல்லை. போனாலே காதைத் தின்னுடுவானுங்க. அது போச்சு, இது போச்சுன்னு இல்லாததை எல்லாம் சேர்ப்பானுங்க. வாயைத் திறக்காம வேலை பார்க்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். எங்க வேன் அத்தனையும் உங்ககிட்டயே விடறேன். ஆனா இவர்தான் பார்க்கணும், வேற யாரும் தொடக்கூடாது."

வேனுக்கு அடியில் தலைமையின் நெஞ்சு விம்மியது. புதிய மோட்டார் இன்னும் போல்ட்டில் பிடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டிருந்தார். நாற்காலி தன்னை நோக்கிச் சுழன்று வருவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

முதலாளியம்மா குனிந்து அவரைப் பார்த்தார். அப்படியொரு அமைதியை அந்த ஷெட்டில் அவர் அனுபவித்ததே இல்லை.

"நல்ல டார்ச்சுதான் எடுத்திருக்கீங்க. இனிமே இதையே வெச்சு வேலை பாருங்க. கேபின்ல உக்கார்ந்தா உங்களுக்கு இது வேண்டியிருக்காது. அதனால ஷெட்டை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கட்டும். சரிதானே?"

தலைமை நீளமாக ஏதோ பதில் சொன்னார். வாயில் டார்ச் இருந்ததால் யாருக்கும் புரியவில்லை.