விருந்தாளி வந்தாச்சு

அண்ணி வீட்டில் 'எலி' என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் தொலைந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத அவள் வளர்த்த டெரியர் நாய்கள் சோபாவைக் கிழித்துப் பஞ்சாக்கிவிடும்; எலி பிடிக்கவே பிறந்த இனம். அதனால் எலியை 'விருந்தாளி' என்றார்கள். நாய்களா ஏமாறும்? ஒரே மாதத்தில் அதையும் கற்றுக்கொண்டன. அப்புறம் நிஜமாகவே விருந்தாளி வந்தாலும் "ஆள் வந்திருக்கு" என்பதோடு சரி.

இது கொழுந்தனுக்குத் தெரியாது. அண்ணன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தவனா அவன்? அண்ணன் செத்த அன்றைக்குத்தான் வந்தான். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, பின்பக்கமாகப் போய்க் கடுகைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான். அந்த இனத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆண் நாய் கடுகு. கேட்டதற்கு, "அண்ணன் எனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாரு, அண்ணி" என்று செத்தவர் தலையில் பொய்யைக் கட்டினான். படுபாவி! அன்று எரியத் தொடங்கிய வயிறு அவளுக்கு இன்னும் அணையவில்லை.

இன்று நாய்க் கண்காட்சி. மேசைமேல் நின்று நடுவர் தொட்டுப் பார்க்க விட்டால், கடுகு இனவிருத்திக்குத் தகுதி பெறும். யாரையாவது கடித்துவிட்டால் அவ்வளவுதான். அதன் குட்டி எதையும் நாய் வளர்ப்போர் சங்கம் அந்த இனமென்று ஏற்காது. "உங்க பொட்டைங்க ரெண்டையும் கூட்டிட்டு வாங்க. ஆனா குட்டிங்க எல்லாம் என் பேர்லதான்" என்று கொழுந்தன் முன்பே சொல்லியனுப்பியிருந்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் இனம் பிழைக்கும் என்று அண்ணிக்கு நன்றாகத் தெரியும். மூடிக்கொண்டிருக்கத்தான் வந்திருந்தாள்.

கடுகு சிலையாக நின்றது. நடுவர் கை நீட்டினார். முன்வரிசையில் அவளைப் பார்த்த கொழுந்தனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கோவத்தை விடுங்க அண்ணி. அண்ணன் இருந்து பார்த்தா எவ்வளவு சந்தோஷப்படுவாரு!"

அவர் பேரை எடுத்தானே, அங்கேதான் கெட்டான்.

"அவர் இல்லாட்டி என்ன தம்பி?" என்று அண்ணி எழுந்து நின்றாள். "விருந்தாளி வந்தாச்சே!"

கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா? காது விறைத்தது; பாய்ந்தது. கொழுந்தன் இறுக்கிப் பிடித்தான். பிடித்த கையின் கட்டைவிரலில் பல் இறங்கியது.

"ஐயோ! ஐயய்யோ!"

மண்டபமே சிரித்தது. கடுகு மேசைத்துணியைக் கிழித்து, அடியில் எலியைத் தேடிக்கொண்டிருந்தது. நடுவர் உதட்டைப் பிதுக்கினார். "கடிச்சிடுச்சு. தகுதியில்லை."

"சனியன்! நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!" கொழுந்தன் வாரை அவள் காலடியில் வீசினான். அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கடுகின் வாசனை பட்டு, பருவத்திலிருந்த பெட்டை அறைக்குள்ளிருந்து கதவைப் பிராண்டியது. மகள் ஓடிவந்து கடுகைக் கட்டிக்கொண்டாள்.

"சித்தப்பா குடுத்துட்டாராம்மா? அப்போ நம்ம இனம் பொழச்சிடுச்சு!"

தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்கள். அறுத்த மூக்கு இப்போதுதான் வலித்தது.

"உங்க சித்தப்பன் கத்தினதை நீ கேட்டிருக்கணும்டி" என்று அண்ணி சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. பெட்டை கதவைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. அவள் திறக்கவில்லை.