ஏழு வாரப் பால்

எனக்கு உட்காரத் தெரியாது. "எங்கம்மா கால்ல சக்கரம் கட்டியிருக்கு" என்று என் மகன் சின்ன வயதிலேயே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைப்பான். இப்போது அவனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில் மிதக்கிறான். என்னையும் என் சக்கரத்தையும் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டான்.

கால்களையாவது சகித்துக்கொள்ளலாம். விரல்கள்தான் மானத்தை வாங்கும். கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் தட்டச்சராக இருந்தவள் நான். ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பிய பிறகும், யார் எதைப் பேசினாலும் என் பத்து விரலும் அதைத் தொடைமேல் அடித்துக்கொண்டே இருக்கும். "அத்தை, சாப்பிட வாங்க" என்று மருமகள் கூப்பிட்டால் அதையும் அடிக்கும். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் என் கையையே உற்றுப் பார்த்துவிட்டு, எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கேட்டால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மருமகள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஐந்து பால் ஆடு வைத்திருக்கிறாள். காலையிலும் சாயங்காலமும் கறந்து, ஸ்கூட்டரில் வைத்து வீடு வீடாகக் கொண்டு போவாள். நான் வந்த புதிதில் அந்தக் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, வாளியை உதைத்துத் தள்ளி, ஆடுகளை மிரள வைத்து, அவள் உயிரை வாங்கினேன். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் என் தோளைப் பிடித்து அழுத்தி முக்காலியில் உட்கார வைத்தாள்.

"நடந்தது போதும் அத்தை. அந்த விரலை இங்க கொண்டாங்க. காம்பைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. மேல கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பூட்டிடணும். அப்புறம் நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல். ஒண்ணு பின்னாடி ஒண்ணா மூடுங்க. அவ்வளவுதான்."

முதல் பீச்சு என் ரவிக்கைக் கைக்குள் போனது. இரண்டாவது அவள் முகத்தில். நாலாவதோ ஐந்தாவதோ பாத்திரத்தில் விழுந்து ணங்கென்றது. அப்புறம் இரண்டு கையும் மாறி மாறித் தாமாகவே ஓட ஆரம்பித்தன. நுரை கட்டக் கட்ட அந்த ணங் அடங்கி, சர்ரு சர்ரென்று மெத்தென்ற சத்தமாக மாறியது. நெற்றியை ஆட்டின் விலாவில் சாய்த்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே இரை புரளுவது காதில் கேட்டது. மருமகள் ஏதோ சொன்னாள். என் விரல்கள் அதை அடிக்கவில்லை. எத்தனை வருஷத்துக்குப் பிறகு என் தலைக்குள் சத்தம் நின்றது என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஆட்டுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தது நான்தான். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, யார் சொல்வதையும் நம்பாத மூஞ்சியோடு அசைபோடும். அப்படி ஒரு நீதிபதியிடம் நான் ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அன்று முதல் ஜட்ஜம்மா என் பொறுப்பு. காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம். அந்த அரை மணிதான் நான் மனுஷியாக இருந்த நேரம். மிச்ச நேரமெல்லாம் அதற்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஐந்து ஆடுகளும் சினையாயின. குட்டி போட இரண்டு மாதம் இருக்கும்போது மருமகள் கறவையை நிறுத்தச் சொன்னாள்.

"இனிமே மடிக்கு ரெஸ்ட் அத்தை. மூணு நாலு நாள் மடி கட்டிக்கும், கத்தும், பாக்கப் பாவமா இருக்கும். தொட்டுடாதீங்க. அந்த இறுக்கத்துலதான் பால் வத்தும். எடுக்க எடுக்க ஊறிக்கிட்டே இருக்கும்."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன குழந்தையா?" என்றேன்.

இரண்டு நாள் தாக்குப் பிடித்தேன். வீட்டில் துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்தேன். வாசலுக்கும் கொல்லைக்கும் எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது. விரல்கள் பழையபடி கிளம்பிவிட்டன. பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி வாசித்தால் முழுச் செய்தியையும் சுவரில் அடித்தன. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மருமகள் வழக்கம்போல் தழை கொண்டுவர ஸ்கூட்டரில் கிளம்பினாள். போய்வர இரண்டு மணி நேரமாகும். ஜட்ஜம்மா கத்திக்கொண்டிருந்தது. மடி கல் மாதிரி இருந்தது. பாவம், அதற்காகக் கொஞ்சம் இளக்கிவிடலாம் என்று முக்காலியை இழுத்துப் போட்டேன்.

அதற்காகத்தான் என்று அன்றைக்கு நிஜமாகவே நம்பினேன். மறுநாள் நம்பவில்லை. மறுநாளும் கறந்தேன்.

கறந்த பாலை என்ன செய்வது? தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்துச் சாக்கடையில் ஊற்றி, நாலு சொம்பு தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவேன். ஊற்றும்போது அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன். பழைய நிம்மதியும் இல்லை. ஒரு காது எப்போதும் தெருவில் இருந்தது. எந்த ஸ்கூட்டர் போனாலும் கறப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். ஆனாலும் அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு நிமிஷமாவது தலைக்குள் சத்தம் நிற்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காக மற்ற ஒன்பதையும் பொறுத்துக்கொண்டேன்.

மற்ற நாலு ஆடுகளுக்கும் மடி சுருங்கிவிட்டது. மருமகள் ஜட்ஜம்மாவின் மடியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இவளுக்கு மட்டும் ஏன் வத்த மாட்டேங்குது? தீவனம் அதிகமோ?"

நான் புழுக்கை கூட்டப் போய்விட்டேன். கடைசி மாதம் பிறந்ததும் நாலு ஆட்டுக்கும் தீவனத்தைக் கூட்டினாள். ஜட்ஜம்மாவுக்குப் பாதியாகக் குறைத்தாள். அது காலி வாளியை நக்கி நக்கி உருட்டிக்கொண்டே கொட்டகையின் மூலைவரை போகும். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாளையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் சத்தியம் செய்தேன். என் சத்தியத்தின் ஆயுள் காலை பத்து மணி வரைதான்.

ஏழாவது வாரம் ஒரு காலையில் ஜட்ஜம்மா எழுந்திருக்கவில்லை. தலையைச் சுவரில் முட்டுக் கொடுத்துப் பல்லை நறநறவென்று கடித்தது. மூச்சில் அழுகிய பழம் மாதிரி ஒரு இனிப்பு வாடை. மருமகள் போன் செய்து கால்நடை டாக்டரை வரவழைத்தாள். வாட்டசாட்டமான மனிதர், அவசரப்படாதவர். கண் இமையை இழுத்துப் பார்த்தார். சிறுநீரில் ஒரு சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தார். பிறகு காம்பைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். பால் நேராகத் தரையில் பாய்ந்தது.

"எப்பம்மா கறவையை நிறுத்துனீங்க?"

"ஏழு வாரம் ஆச்சு டாக்டர்."

"ஏழு வாரம் நிறுத்துன மடி இப்படி இருக்காதே."

"அதான் எனக்கும் புரியல. தீவனத்தைக் கூடப் பாதியாக் குறைச்சுப் பாத்துட்டேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "குறைச்சீங்களா? உள்ள மூணு குட்டி இருக்கும் போல. சாப்பாடு பத்தாம இது தன் உடம்பையே கரைச்சுக் குட்டிக்குக் குடுத்துக்கிட்டு இருக்கு. அது மட்டும்னா இவ்வளவு மோசமாகாது. வேற என்னமோ நடந்திருக்கு. தெரிஞ்சாத்தான் குட்டியை இப்பவே வெளிய எடுக்கணுமா, ஒரு வாரம் பொறுக்கலாமான்னு நான் முடிவு பண்ண முடியும்."

என் விரல்கள் தொடைமேல் ஓடிக்கொண்டிருந்தன. நான் ஆயிரக்கணக்கில் வாக்குமூலம் அடித்தவள். ஒப்புக்கொள்கிறவர்கள் அநேகமாக எல்லாருமே 'ஒரு நாள்தான் ஐயா' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

"ஒரு நாள்தான்..." என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"இல்ல. தினமும். நான் தினமும் கறந்தேன் டாக்டர். இவ தழைக்குப் போற நேரத்துல. நேத்து வரைக்கும்."

டாக்டர் சட்டைக் கையைச் சுருட்டினார். "அப்படின்னா பொறுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்தார். கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். பிரசவத்துக்கு ஊசி போட்டார். நாளைக்குள் குட்டிகள் வந்துவிடும், தாயைக் காப்பாற்றிவிடலாம், குட்டிகளைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார்.

அவர் போகும்வரை மருமகள் என் பக்கம் திரும்பவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தீவன வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதோட வாயைக் கட்டினது நான்தானே அத்தை," என்றாள். "நீங்க பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அதற்குப் பதிலாக அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் மூன்று குட்டிகள் வந்தன. முதல் இரண்டிலும் மூச்சு இல்லை. மருமகள் அவற்றை ஒரு சாக்கில் வைத்து ஓரமாக நகர்த்திவிட்டு மூன்றாவதைத் துடைத்தாள். ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. தலை நிற்கவில்லை, காம்பைக் கவ்வவும் தெம்பில்லை. ஜட்ஜம்மா சரிந்து சரிந்து விழுந்தது. அதை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு மருமகள் நேற்றிலிருந்து முதன்முறையாக என்னைப் பார்த்தாள்.

"கறங்க அத்தை. குட்டிக்கு உடனே சீம்பால் போகணும்."

கிண்ணத்தை வைத்துக்கொண்டு, காம்பைப் பூட்டி விரல்களை ஒவ்வொன்றாக மூடினேன். சீம்பால் மஞ்சளாக, பசை மாதிரிக் கெட்டியாக வரும். அந்த இரண்டு மாத ஓய்வில்தான் மடி அதைச் சேர்த்து வைக்கும் என்று மருமகள் என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். கிண்ணத்தில் விழுந்தது வெள்ளையாக, தண்ணீராக இருந்தது. தினமும் சாக்கடையில் ஊற்றினேனே, அதே பால்.

மருமகள் கிண்ணத்தைப் பார்த்தாள். ஜட்ஜம்மாவை வைக்கோல்மேல் மெதுவாகக் கிடத்தினாள். யாருக்கோ போன் செய்து, "சீம்பால் இருக்கா? உறைய வச்சதாவது இருக்கா?" என்று கேட்டாள். குட்டியைத் துண்டில் சுருட்டி என் நெஞ்சில் வைத்தாள்.

"ரெண்டு கையாலயும் அணைச்சுக்குங்க. சூடு விடக் கூடாது. நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. முடியுமா?"

"முடியும்" என்றேன். என் வாக்குக்கு என்ன மதிப்பு என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவளுக்கு வேறு ஆள் இல்லை.

ஸ்கூட்டர் போய்விட்டது. முக்காலியில் உட்கார்ந்தேன். கால் எழுந்திருக்கச் சொன்னது. முதுகு அரித்தது, மூக்கு அரித்தது, ஈ ஒன்று நெற்றியில் உட்கார்ந்து உலாவியது. துண்டுக்குள் குட்டியின் இதயம் படபடவென்று ஓடி, நடுவில் நின்று, மறுபடி ஓடியது. அது நிற்கும்போதெல்லாம் இன்னும் சேர்த்து அணைத்தேன். இருப்புக் கொள்ளவில்லை. ஐம்பது நிமிஷம் அப்படியே இருந்தேன்.

மருமகள் வந்து, பாட்டிலில் இருந்த மஞ்சள் பாலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, சொட்டுச் சொட்டாகக் குட்டியின் வாயில் விட்டாள். முதல் நாலு சொட்டும் வழிந்தன. ஐந்தாவதை விழுங்கியது. அப்புறம் நாக்கைச் சப்புக்கொட்டியது. அவள் தரையிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகிறாளோ என்று பயந்தேன். இல்லை, களைப்பு.

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

"அதெல்லாம் இப்ப முடியாது அத்தை." குட்டியின் வாயைத் துடைத்தாள். "கை பரபரத்துச்சுன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா திட்டுவே."

"திட்டத்தான் செய்வேன். திட்டு வாங்கினா செத்தா போயிருவீங்க?"

எதிரே ஜட்ஜம்மா தலையைத் தூக்கி வைக்கோலில் வாய் வைத்தது. அந்தப் பக்கம் அதன் மடி தெரிந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"பரபரக்குது" என்றேன்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

மருமகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். முதல் நாள் நான் உதைத்துத் தள்ளிய வாளியிலிருந்து ஓரத்தில் கிடந்த சாக்குவரை எதையும் விடவில்லை. குட்டி பாலைக் குடித்து முடிக்கும் வரைக்கும் திட்டினாள். நான் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டேன்.