இரும்புச் சட்டையோடு ஒரு மருந்துக்காரி

பைபாஸ் ரோடு வந்த அதே வருடம் மாடத்துறைப் பேரூராட்சியை ஓர் ஆன்லைன் சண்டை விளையாட்டோடு இணைத்துவிட்டார்கள். அதற்கு முன் இரண்டு தாலுகாக்களோடு மாறி மாறி இணைக்கப்பட்டுப் பழகிய ஊர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வார்டுக்கு ஒரு பூதம் ஒதுக்கினார்கள். ஏழாவது வார்டின் பூதம் வெள்ளிக்கிழமை தோறும் பத்து நாற்பது டவுன் பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்து வரும். வார்டின் ஐந்து பேர் பஸ் ஸ்டாண்டில் நின்று அதை அடிப்பார்கள். அடி வாங்கி முடித்ததும் அது ஓர் உடுப்பைக் கீழே போட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போகும்.

ஐந்து பேரில் ஒருவர் கேடயம், ஒருவர் மருந்து, மிச்சம் மூவரும் அடி. கையில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆள்.

மகுடேஸ்வரி ஒன்பது வருடமாகக் கேடயம். ஊர் பாஷையில் சொன்னால் இடிதாங்கி. கேடயத்தின் உடுப்பு முழுக்க இரும்பு. சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கோபம் வந்தாலும் அது நேராக அந்த இரும்பைத் தேடி வரும். பூதத்தின் கோபம் மட்டும்தான் வரும் என்று ஆரம்பத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனால் குழம்பில் உப்பு தூக்கலானால் மாமியார் பாவாத்தாளின் கோபமும், சில்லறை கிடைக்காத கண்டக்டரின் கோபமும் அதே வழியில்தான் வந்தன. மகுடேஸ்வரி அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. இரும்பு வாங்கிக்கொள்ளும், அவள் பாட்டுக்குக் காய் நறுக்குவாள்.

அவளால் பொறுக்க முடியாதது கையுறைதான். இரும்புக் கையுறையைக் கழற்றினால் பொறுப்பு போய்விடும் என்பதால் ஒன்பது வருடமாக அவள் அதைக் கழற்றவில்லை. அதோடுதான் இட்லி ஊற்றினாள், மகள் இளம்பிறைக்குச் சடை பின்னினாள். பெண்ணுக்கு உடம்பு சுடுகிறதா என்று பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் கூப்பிட வேண்டும். தெருவுக்கே தெரிந்த பிறகுதான் பெற்றவளுக்குத் தெரியும். அந்த ஆற்றாமை அவளுக்குள் ஒன்பது வருடமாகக் கிடந்தது.

இந்த மாதம், மருந்தாக இருந்த தமயந்தி டீச்சர் ஓசூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். பொறுப்பு மாற விரும்புகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் மாறிக்கொள்ளலாம், விட்டால் இனி ஏழு வருடம் கழித்துத்தான் என்று வார்டு ஆபீசில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இளம்பிறைக்குப் பதினொரு வயது. ஏழு வருடம் போனால் பதினெட்டு. அந்த வயதில் எந்தப் பெண் அம்மாவை நெற்றியில் கைவைக்க விடுகிறாள்?

மாறுவதில் ஒரு சிக்கல் இருந்தது. உடுப்பு ஒவ்வொன்றுக்கும் அதன் பலத்தைச் சொல்லும் ஒரு லெவல் உண்டு. மாறுகிறவர் உடம்பிலும் கையிலும் இருப்பது மொத்தம் அறுநூறு இருக்க வேண்டும். பூதம் போட்டுவிட்டுப் போகும் உடுப்பை யாருடைய பொறுப்புக்குப் பொருந்துமோ அவர்தான் ‘எனக்கு வேணும்’ என்று கேட்கலாம். மருந்தின் உடுப்பைக் கேட்க மருந்தாக இருக்க வேண்டும். மருந்தாக ஆக மருந்தின் உடுப்பு இருக்க வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைச் சட்டை விழுந்தபோது மகுடேஸ்வரி வாய் தவறி ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிவிட்டாள். மற்ற நான்கு பேரும் சாவு வீட்டில் நிற்பதுபோல் தலைகுனிந்து நின்றார்கள். அவளும் சட்டையை டீச்சரிடம் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை அவள் குழந்தைவேலின் இஸ்திரிக் கடைக்குப் போனாள். குழந்தைவேல் அடிக்காரர். ஐந்து பேருக்கும் தலைவர்.

“மருந்து செட்டுல உங்ககிட்ட என்னதானுங்க்கா இருக்குது?” என்றார் அவர், பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டே.

“டீச்சரம்மா குடுத்துட்டுப் போன பித்தளைக் கிண்ணம். முப்பது லெவலு.”

“அறநூறு கேக்கறாங்களே?”

“கேக்கட்டும் தம்பி. நாளைக்குப் போய் நிக்கறேன்.”

வியாழக்கிழமை காலை வார்டு ஆபீசில் கிளார்க் தேவசகாயத்தின் மேஜைமேல் அவள் கேடயத்தை வைத்தாள். தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு கையுறைகளையும் கழற்றி அதன்மேல் வைத்தாள். பிறகு இரும்புத் தொப்பியும் இரும்புச் சட்டையுமாக, கையில் கிண்ணத்தோடு அவர் எதிரில் நிமிர்ந்து நின்றாள்.

தேவசகாயம் எழுதினார். தொப்பி நூற்றுப் பத்து. சட்டை நூற்றுத் தொண்ணூறு. தோள்தகடு தொண்ணூறு. இடுப்புப் பட்டை எண்பத்து நான்கு. கால்தகடு நூறு. கிண்ணம் முப்பது.

“அறநூத்தி நாலு,” என்றார். “ஆனா இதெல்லாம் கேடயத்தோட உடுப்பாச்சேம்மா.”

“உடுப்புத்தானுங்களே சார்.”

அவர் படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மொத்தம் எவ்வளவு என்றுதான் கேட்டிருந்தது. யாருடைய உடுப்பு என்று எங்கும் கேட்கவில்லை.

“கையில என்ன?”

“கிண்ணம்.”

“அப்ப மருந்து,” என்று சீல் வைத்தார். கேடயத்தையும் கையுறைகளையும் பீரோவில் வைத்து ‘காலியிடம்’ என்று ஒரு சீட்டு ஒட்டினார்.

சாயங்காலம் இளம்பிறை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகுடேஸ்வரி அவள் நெற்றியில் கை வைத்தாள்.

“சுடுதாம்மா?”

“தெரியலயே கண்ணு.”

ஒன்பது வருடத்தில் மனிதச் சூடு எவ்வளவு என்பதே அவளுக்கு மறந்திருந்தது. அந்த நேரம் பார்த்து பாவாத்தாள் உப்புப் பிரச்சினையோடு இரும்பைத் தேடி வந்தாள். மகுடேஸ்வரி அவள் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். பாவாத்தாள் பாதி வசவில் நிறுத்தி, உட்கார்ந்து, காப்பி இருக்கிறதா என்று கேட்டாள். அதன்பிறகு மகுடேஸ்வரி தெருவில் இறங்கி நாற்பத்திரண்டு நெற்றிகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லோரும் வாசலில் வந்து நின்று காட்டினார்கள். அளவு பிடிபட்டதும் வீட்டுக்குத் திரும்பி மறுபடி மகளைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. இருந்தாலும் வீட்டுப்பாடம் எழுதி முடிக்கிறவரை கையை எடுக்கவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கேடயம் இல்லாமலே நால்வரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள்.

“இரும்புச் சட்டைய மாட்டிக்கிட்டு மருந்தா நிக்கறீங்க,” என்றார் குழந்தைவேல். “அது நேரா உங்ககிட்டத்தான் வருமுங்க்கா.”

“வரட்டும் தம்பி. வைத்தியத்துக்கு வர்றவங்கள வராதீங்கன்னா சொல்றது?”

பத்து நாற்பது வந்தது. பூதம் பின்படியில் இறங்கி, அடிக்காரர்கள் மூவரையும் தாண்டி, நேராக அவளிடம் வந்து உறுமியது. மகுடேஸ்வரி எக்கி அதன் நெற்றியில் கை வைத்தாள். நேற்றுத் தொட்ட நாற்பத்திரண்டில் ஒன்றும் இப்படிக் கொதிக்கவில்லை.

“எத்தன நாளா இருக்குது?” என்றாள்.

“ஒம்போது வருசமா,” என்றது பூதம்.

கிண்ணத்தில் மருந்து ஊறியிருந்தது. முப்பது லெவல்தான், ஆனால் காய்ச்சலுக்கு அது போதும். பூதம் குடித்துவிட்டு, டைம்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்து வியர்த்தது. உடுப்பு எதுவும் கீழே போடவில்லை. பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. தேவசகாயம் பீரோவோடு வந்து சேர்ந்தார். கையுறைகள் பூதத்துக்குச் சரியாக இருந்தன. தோல் மட்டுமே தொள்ளாயிரம் லெவல் என்று எழுதி, காலியிடச் சீட்டைக் கிழித்துப் போட்டார். ஏழாவது வார்டுக்கு மறுபடி ஐந்து பேர் ஆனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்து நாற்பதில் பின்சீட்டு காலியாக வந்தது. ஐந்து பேரும் காத்திருந்தார்கள். பதினொன்றேகாலுக்கு, கல்குவாரி ரோடு வழியாக, ஊருக்குக் கிழக்கே இருந்த கரடு, அந்த மொட்டைக் கல்குன்று, நடந்து வந்தது. குவாரிக்காரர்கள் வெட்டியெடுத்த இடப்பக்கத்தைத் தாங்கித் தாங்கி வந்தது. போக்குவரத்தை ஓரமாக விட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்றது. கேடயத்தோடு முன்னால் நின்ற பூதம் மரியாதையாக வழிவிட்டது.

குழந்தைவேல் அண்ணாந்து பார்த்தார். “நெத்தி மேகத்துக்குள்ள இருக்குதுங்க்கா.”

“குனியச் சொல்லுங்க,” என்றாள் மகுடேஸ்வரி.

கரடு குனிந்தது.