உமிக் கூண்டு

எலிகளுக்குக் குடிக்கக் கற்றுக்கொடுப்பது ஃபிளோராவின் வேலை. ஊரில் யாராவது விசாரித்தால் "மருந்து ஆராய்ச்சி" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வாள். குடி என்ற பேச்சில் அண்ணன் மிக்கேல்ராஜின் பேர் ஏற்கெனவே போதுமான அளவு அடிபட்டிருந்தது. தங்கச்சி எலிக்கு ஊற்றிக்கொடுக்கிறாள் என்பதும் அதில் சேர வேண்டாம்.

தஞ்சாவூரில், கல்லூரி மாடியில், வடக்குப் பார்த்த அறை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், உள்ளே உமி பரப்பிய கூண்டுகள். ஒவ்வொரு கூண்டின் சுவரிலும் ஒரு சின்ன லீவர். எலி அதை அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம் வரும். சர்க்கரைத் தண்ணீரில் கலந்த சாராயம் ஒரு சொட்டு குழியில் விழும். மத்தியான வேளையில் கண்ணை மூடிக் கேட்டால் ஓட்டின்மேல் மழை தொடங்குவது போலிருக்கும். அந்த வருஷம் நிஜ மழை ஏமாற்றிவிட்டது.

பழகிய பிறகு சாராயத்தை நிறுத்திவிடுவார்கள். லீவர் இருக்கும், சொட்டு வராது. எலி அழுத்தும், முகரும், மறுபடி அழுத்தும், மெல்ல மெல்ல மறக்கும். சோதனைக்கு வந்திருந்த புது மருந்தைக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் மறந்தது. ஃபிளோராவுக்கு வழிகாட்டியான ரெத்தினம் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல மருந்தும்மா. இது மனுஷன் வரைக்கும் போகும்" என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

ஃபிளோராவுக்குத்தான் மனசு ஒட்டவில்லை.

காரணம் அண்ணன்தான். சவூதியில் குழாய் பதிக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. அங்கே இருக்கிறவரை ஒரு சொட்டு தொடமாட்டான். கிடைக்காது என்பதோடு, நினைப்பும் வராது. லீவு கிடைத்தால் கொழும்பு வழியாகத் திருச்சியில் இறங்கி, கம்பளியும் டேப்ரெக்கார்டருமாக பஸ் ஏறுவான். வடுவூர் ஏரி தாண்டுகிறவரைக்கும் பெண்டாட்டி பிள்ளை நினைப்புதான். மன்னார்குடி தெப்பக்குளம் கண்ணில் பட்டதும் எல்லாம் போச்சு.

"அங்க ஞாபகமே இல்ல பாப்பா. குளத்தைப் பார்த்ததும் நாக்கு எந்திரிச்சு உக்காந்துக்குது" என்று ஒருமுறை அவனே சொன்னான். போன லீவில் பெட்டி ஒருபக்கமும் அவன் ஒருபக்கமுமாக வீடு வந்து சேர்ந்தான்.

இப்போது கம்பெனி ஆள் குறைக்கிறது. வருகிற ஆடி மாதம் ஒரேயடியாக வந்துவிடப்போகிறான். அண்ணி பாத்திமா மேரி சத்தம் போடுகிறவள் இல்லை. "இந்தத் தடவை குடிச்சார்னா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நாகப்பட்டினம் போயிருவேன், எங்கம்மா வீட்டுக்கு. அப்புறம் யாரும் வந்து கூப்பிடக் கூடாது" என்று அவள் சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைகிற கை நிற்கவில்லை. செய்துவிடுவாள் என்று ஃபிளோராவுக்கு அதனால்தான் உறைத்தது.

ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் அது. டீக்கடையிலும் கோவில் வாசலிலும் "தண்ணி எப்ப வருது?" என்பதுதான் பேச்சு. அண்ணிக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் திக்கென்றது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மன்னார்குடி பஸ்ஸில் ஃபிளோரா தூங்கிப்போனாள். பக்கத்து சீட்டில் நீலவால் உட்கார்ந்திருந்தது. அடையாளத்துக்காக வாலில் நீல மை வைத்த எலி அது. மடியில் சவூதிக் கம்பளி. "எங்கே?" என்று கண்டக்டர் கேட்டதற்கு, "எங்க ஏறினேனோ அங்க ஒரு டிக்கெட்" என்றது. வடுவூர் ஏரியில் பாதிதான் தண்ணீர். ஆனாலும் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்த வாத்துகள் போன வருஷத்து இடத்திலேயே இறங்கியிருந்தன. எலி கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, "உமி வாசம் வருது, வீடு வந்துருச்சு" என்றது.

விழித்துப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு அம்மாள், காலடியில் உமி மூட்டை.

திங்கட்கிழமை ரெத்தினம் சாரிடம் போய் நின்றாள்.

"சார், நம்ம எலி குடிச்ச வீட்டுலயே மறக்குது."

"ஆமா. அதுக்கென்ன?"

"மனுஷன் அப்படி மறக்கிறதில்லையே சார். ஆஸ்பத்திரியில மறக்கிறான், சவூதியில மறக்கிறான். அப்புறம்தான் வீட்டுக்கு வர்றான்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப எலிக்கு ஒரு சவூதி வேணுங்கிற."

"ஆமா சார்."

"விசா யாரு எடுக்கிறது?" என்றார். சிரித்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த கட்டுரையை மேஜை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

ஃபிளோரா இரண்டு விதமாகக் கூண்டு அமைத்தாள். முதலாவதில் தரையில் உமி, சுவரில் கறுப்பு வெள்ளைக் கோடு, மூலையில் கொஞ்சம் சூடத்தின் வாசனை. எலிகள் குடிக்கப் பழகியது அங்கே. இரண்டாவதில் மரத்தூள், வெறும் சுவர், எலுமிச்சை வாசனை. சாராயம் இல்லாமல் அவை மறந்தது அங்கே. மருந்து கொடுத்தவை அழகாக மறந்தன; லீவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிறகு எல்லாவற்றையும் உமிக் கூண்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

கதவு மூடின கையோடு மழை பிடித்துக்கொண்டது. டக், டக், டக். மருந்து சாப்பிட்டது, சாப்பிடாதது என்று வித்தியாசமே இல்லை. சொட்டு வராத லீவரை நீலவால் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

சார் கூண்டருகே குனிந்தார். "மருந்து தோத்துப்போச்சும்மா."

"நாம வச்ச பரீட்சை லேசா இருந்துச்சு சார். அதான் முன்னாடி பாஸ் பண்ணிருச்சு."

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அண்ணியிடம் விவரமாகச் சொன்னாள். அண்ணி முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப மன்னார்குடியைத் தொடாம, திருவாரூர் சுத்திக் கூட்டியாந்துருவோமா?"

"சந்தைக்கு எங்க போவாரு அண்ணி? பேங்குக்கு?"

"அதுவும் சரிதான். ஊரை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறது" என்று அண்ணி மறுபடி முறத்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் புடைத்துவிட்டு, "அந்த உமிக்குள்ளயே விட்டு மறக்க வைக்க முடியாதா?" என்று கேட்டாள்.

பங்குனியில் அதையும் செய்து பார்த்தாள். தினமும் உமிக் கூண்டு, அதே கோடு, அதே சூடம். சாராயம் மட்டும் கிடையாது. மற்றவற்றைத் தனித்தனியாக விட்டாள். நீலவாலோடு மட்டும், பார்த்துப் பாவப்பட்டு, குட்டியிலிருந்து கூட வளர்ந்த எலியையும் விட்டாள். எல்லாமே மறந்தன, ஆனால் மெதுவாக. ஒருநாள் விட்டு மறுநாள் பழைய ஆசை எட்டிப்பார்க்கும். நீலவால்தான் முதலில் லீவரை விட்டு இறங்கி, துணையின் முதுகில் தலைவைத்துத் தூங்கியது.

"ஒத்தை எலி சாட்சி சொல்லாதும்மா" என்றார் சார். "நிறைய ஜோடி வச்சுப் பாரு. அப்புறம் பேசு."

"பார்க்கிறேன் சார்" என்றாள். அதற்குள் ஆடி வந்துவிட்டது.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அண்ணனைக் கூட்டிவர ஃபிளோராவும் அண்ணியும் திருச்சிக்கே போயிருந்தார்கள். திரும்பி வந்த பஸ் மன்னார்குடியில் நின்றதும் மூன்று பேரும் இறங்கினார்கள். பெட்டிகளை டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு அண்ணி நேராகக் குளக்கரைக்கு நடந்தாள்.

"ஊர் பஸ்ஸு அந்தப் பக்கம்ல நிக்கும்?" என்றான் மிக்கேல்ராஜ்.

"நிக்கட்டும். வந்து உக்காருங்க."

குளத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. வழக்கத்துக்கு அதிகமாகப் படிகள் தெரிந்தன. நடுவில் மண்டபம், வெயிலில் மிதக்கிற மாதிரி. மூன்று பேரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"எந்திரிச்சு உக்காந்துருச்சா?" என்று கேட்டாள் அண்ணி.

அவன் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். "உக்காந்துருச்சு."

"உக்காந்திருக்கட்டும். நாமளும் உக்காந்திருப்போம்."

ஃபிளோரா உமிக் கூண்டின் கதையைச் சொன்னாள். அவன் தலை நிமிராமல் கேட்டான்.

"என்னைய எலின்னு நெனச்சுட்டியா பாப்பா?"

"இல்லண்ணே. எலியைத்தான் உன்னைய மாதிரி நெனச்சேன்."

அவன் எழுந்தான். மேல்படிக்குப் போய்ச் சாராயக் கடைச் சந்துப் பக்கம் பார்த்து நின்றான். அண்ணி திரும்பவில்லை, கூப்பிடவும் இல்லை. தண்ணீரில் ஒரு மீன் துள்ளி வட்டம் விரிந்து விரிந்து படியைத் தொட்டது. ஊர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அடுத்ததும் போனது. படிகளில் செருப்புச் சத்தம் கேட்டது, கீழ்நோக்கித்தான் வந்தது.

"பசிக்குது மேரி."

அண்ணி தூக்குவாளியைத் திறந்தாள். புளிச்சோறும் வறுத்த கருவாடும். அவன் வாய் நிறைய வாங்கி மென்றான்.

"நாக்கு?" என்றாள் ஃபிளோரா.

"உக்காந்துதான் இருக்கு" என்றான். "சாப்பிடுது."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் வாளியைக் குளத்தில் கழுவி, கவிழ்த்துத் தண்ணீரை உதறினாள்.

"வாங்க, பஸ்ஸுக்குப் போவோம்" என்றாள். "நாளைக்கும் வருவோம்."